குப்பை வண்டிப் பாட்டு

சிரிச்சிய, பாத்தேன். பரவாயில்ல அண்ணாச்சி, நீங்க ஒருத்தரா சிரிச்சிய? கேட்டுல நின்ன கூட்டமே சிரிச்சிது. அந்தப் பொம்பளைப் போலீசு என் பையைக் கவுத்து, இதைத் தூக்கி வெயில்ல காட்டி, 'என்னய்யா இது, வயரெல்லாம் தொங்குது'ன்னு கேட்டா. திங்கக்கிழமை மனு நாளுன்னா எவனாவது மண்ணெண்ணெ கொண்டு வாரானான்னுதான் பையைப் பாப்பாவ. நான் பழைய வீடியோ கேமைக் கொண்டு வந்திருக்கேன். 'கேமு மேடம்'னேன். 'கலெக்டரம்மா கூட வெளாடப் போறியளோ'ன்னுட்டா. சொல்லட்டும். கேட்டுப் பழகிப் போச்சு.

இங்கன உக்காருங்க, இந்தத் தூண் பக்கம் நெழல் இருக்கு. டோக்கன் கூப்பிட நேரமாவும். உங்களுக்கு என்ன மனு? பட்டா மாறுதலா? நல்ல மனு. கௌரவமான மனு. யாரு கேட்டாலும் நெஞ்சை நிமித்திச் சொல்லலாம், பட்டா மாறுதலுக்கு வந்தேன்னு. என் மனுவைச் சொன்னா நீங்க இந்தத் தூணை விட்டு அந்தத் தூணுக்குப் போயிருவிய.

இல்ல, சொல்லுதேன். சொல்லாம இருந்தாலும் நெஞ்சு கரிக்குது.

நான் இங்க ஒரு மெட்ரிகுலேசன் பள்ளிக்கூடத்துல லேபு அசிஸ்டெண்டு. பேரு கோமதிநாயகம். பிள்ளைய 'சார்'னுதான் கூப்பிடும். பாடம் நடத்துறவருக்கும் சாரு, வெர்னியர் காலிப்பரை எண்ணி உள்ள வைக்கிறவருக்கும் சாருதான். அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் சொல்லணும்.

இந்த மெஷினு என் மச்சினன் மஸ்கட்டுல இருந்து அவன் மவனுக்கு வாங்கிட்டு வந்தது. அந்தப் பய கொஞ்ச நாளு வெளாண்டுட்டு பரண்ல வீசிட்டான். மாமனார் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது எங்கையில கெடச்சுது. துடைச்சு பேட்டரி போட்டா உசிரு இருக்கு! அப்புறம் இன்டர்நெட்டுல பாத்துக்கிட்டு இருக்கும்போது, இதுல பாட்டு போடலாம்னு ஒருத்தன் சொல்லுதான். அதுக்குன்னு ஒரு கேசட்டு இருக்கு. கேமு கேசட்டு மாதிரியே பின்னால சொருகணும். சொருகுனா வெளையாட்டு வராது, வரிசை வரிசையா எழுத்தும் நம்பரும் வரும். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சுரத்தை வைக்கணும். ஆர்மோனியம் தெரிய வேண்டாம், ஒண்ணும் தெரிய வேண்டாம். பொறுமை வேணும். லேபுல வேலை பாக்குறவனுக்கு அது இருக்கும்.

இதுக்குள்ள நாலே நாலு குரலுதான் அண்ணாச்சி. ரெண்டு குரலு பீப்பீன்னு கத்தும். ஒண்ணு அடித்தொண்டையில உறுமும். நாலாவது வெறும் உஸ்ஸு. அந்த உஸ்ஸை நறுக்கி நறுக்கித்தான் மோளம் ஆக்கணும். மூணு பேரு சேந்து பாடுற மாதிரி வேணும்னா, ஒரே குரலை மூணு சுரத்துக்கும் வெரசா ஓட விட்டா காது ஏமாந்து போவும். ஏமாத்துதான். ஆனா யாருக்கும் நட்டமில்லாத ஏமாத்து. இந்தத் திரையில வெளக்கு கெடையாது, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாத்தான் எழுத்து தெரியும். அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு தின்னுட்டு சன்னல் ஓரம் சம்மணம் போட்டு உக்காந்துருவேன். எம் பொண்டாட்டி ஆவுடைச்செல்வி கேலி பண்ணுவா. 'மத்த ஆம்பளைய சீட்டு வெளாடுதாவ, எங்க வீட்டுல பிள்ளை வெளையாட்டு'ம்பா. கோவமா சொல்ல மாட்டா. அப்ப எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு.

இதுக்கு உலகம் பூரா ஒரு கூட்டம் இருக்கு, தெரியுமா? சப்பான்ல, பிரேசில்ல, எங்கெங்கயோ. அவங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. பாட்டை மட்டும் கேக்கக் கொடுத்தாப் போதாது, பாட்டோட ஃபைலையே கொடுத்துரணும். தெறந்து பாத்தா எந்தக் கட்டத்துல என்ன சுரம், எங்க ஏமாத்துனான், எல்லாம் பச்சையாத் தெரியும். யாரு வேணா எடுக்கலாம், மாத்தலாம், ரெண்டு சேத்துத் திருப்பிப் போடலாம். யாரு போட்டதுன்னு பேரைச் சொல்லிட்டாப் போதும். இது என்னுது, தொடாதன்னு பொத்தி வச்சுக்கிட்டான்னா அவனை அந்தக் கூட்டத்துல மனுசனா மதிக்க மாட்டாவ. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. நம்ம ஊருல ஒருத்தன் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கடன் கொடுக்க மாட்டான், அங்க பாட்டையே தூக்கிக் கொடுக்கான்.

போன ஆடியில எங்களுக்கு ஒரு கொறை வந்துட்டு. அஞ்சாம் மாசம். கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு நின்னது. தங்கல. அதை விடுங்க. அதைப் பேச நான் வரல.

அவ பேச்சை நிப்பாட்டிட்டா. சோறு வச்சா தின்பா, வைக்கலன்னா கேக்க மாட்டா. செவரைப் பாத்துப் படுத்திருப்பா. மாமியா வந்தாவ, எங்க அக்கா வந்தா, ஆளாளுக்கு வாய் வலிக்க ஆறுதல் சொன்னாவ. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது அண்ணாச்சி. வாயைத் தெறந்தா கோணலா வரும். சன்னல் ஓரம் போயி உக்காந்துக்கிட்டேன். எங்க அக்கா அதுக்கும் ஏசுனா. 'பொண்டாட்டி கெடக்க கெடையில நீ கேமு வெளாடுதியால, கோட்டிப் பயலே'ன்னு. நான் வெளாடல. பாட்டு போட்டேன். தொட்டிலை ஆட்டுற வேகம் இருக்கு பாத்தியளா, அந்த வேகத்துல. மோளம் வைக்கல. உஸ்ஸை மட்டும் ரொம்ப மெல்லிசா, மூச்சு விடுற மாதிரி வச்சேன். முடிஞ்சதும் அவ காதுல ஹெட்போனை மாட்டி விட்டேன். கடைசி வரைக்கும் கேட்டா. நின்னதும், 'திருப்பிப் போடுங்க'ன்னா. ஒரு மாசத்துல அவ எங்கிட்ட பேசுன மொத வார்த்தை அது. அன்னைக்கு நான் பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன். தெனமும் காலையில அவ செல்போன்ல அதைக் கேப்பா. கேட்டுட்டுத்தான் எந்திரிப்பா.

பாட்டுக்கு ஆவுடைன்னே பேரு வச்சேன். வழக்கப்படி ஃபைலைக் கூட்டத்துல போட்டேன். பின்லாந்துக்காரன் ஒருத்தன் எடுத்து, கொஞ்சம் மோளம் சேத்து, எம்பேரைச் சொல்லித் திருப்பிப் போட்டிருந்தான். 'இதைக் கேட்டுட்டு எங்கம்மாவுக்குப் போன் பண்ணினேன்'னு எழுதியிருந்தான். அண்ணாச்சி, எங்க பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டருக்கு எம்பேரு முழுசாத் தெரியாது. பின்லாந்துல ஒருத்தன் என் பாட்டைக் கேட்டு அம்மாவுக்குப் போன் போடுதான். பஸ்சுல போறவன் வாரவன் எல்லாத்துக்கிட்டயும் சொல்லலாம் போல இருந்துச்சு.

அந்தக் கிறுக்குலதான் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில இதைக் கொண்டு போயி வச்சேன். வச்சிருக்கக் கூடாது. மனுசனுக்கு ஒரு ஆசை. 'மின்னணு ஒலி அலைகள்'னு அட்டையில எழுதி, ஸ்பீக்கர்ல அந்தப் பாட்டைப் போட்டேன். வேற பாட்டும் இருந்துச்சு, ஆனா ஆவுடைதான் இருக்கதுலயே நல்ல பாட்டு. கரஸ்பாண்டெண்டு வந்தாரு, தலையைச் சாச்சுக் கேட்டாரு. 'என்ன சார், கார் ரிவர்ஸ் எடுக்க மாதிரி இருக்கு'ன்னாரு. டீச்சர்மாரெல்லாம் சிரிப்பு. ஒரு பய உடனே பின்னால நின்னு, கையைத் தட்டி, 'வரட்டும் வரட்டும் வரட்டும், ஒடிச்சு வரட்டும்'னான். அதுல இருந்து எனக்குப் பேரு ரிவர்ஸ் சாரு. வீட்டுல சொல்லல. என்னன்னு சொல்ல? உனக்காகப் போட்ட பாட்டைக் கொண்டு போயி நாலு பேரு சிரிக்க வச்சேன்னா?

சரி, அதையாவது சகிச்சுக்கிட்டேன். தை மாசத்துல ஒரு நாளு காலம்பற பல் வெளக்கிக்கிட்டு நிக்கேன், தெரு முக்குல இருந்து அந்தப் பாட்டு வருது. உண்மையச் சொல்லுதேன், மொதல்ல நெஞ்சு குளுந்துட்டு. நம்ம பாட்டு தெருவுல வருதே! வாயில நுரையோட வாசலுக்கு ஓடுனேன். அப்புறந்தான் பாத்தேன், எதுல வருதுன்னு.

குப்பை வண்டி அண்ணாச்சி. நகராட்சி பேட்டரி வண்டி, ஒரு பொம்பளை ஓட்டிட்டு வருவா. பச்சை டப்பா, நீல டப்பா, மேல ஒரு குழாய் ஸ்பீக்கரு. அதுக்கு முன்னாடி, 'மக்கும் குப்பை மக்காத குப்பை தனித்தனியாகத் தாரீர்'னு ஒரு ஆளு தொண்டை கட்டுன குரல்ல அவயம் போடுவாரே, சைரனோட, அதுதான் ஓடும். அன்னைக்கு அதுக்குப் பதிலா என் பாட்டு. அந்தக் குழாயில அது நல்லாத்தான் கேட்டுது, அதையும் சொல்லிருதேன். இந்த மெஷினோட குரலே தகரக் குழாய்க்குன்னு பெறந்த மாதிரி. ஆனா எதிர்வீட்டு அம்மா மீன் செதிலு வாளியைத் தூக்கிட்டு வாராவ, என் பாட்டுக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை இடுப்புல கையை வச்சு ஆடுது, நாப்கின் பொட்டலத்தை வண்டியில போடுதாவ, அழுகுன தக்காளியைக் கொட்டுதாவ, எல்லாம் என் பாட்டுக்கு. எனக்கு எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. அது என்ன பாட்டு, யாருக்குப் போட்ட பாட்டு!

பள்ளிக்கூடத்துப் பிள்ளைய கண்காட்சியில கேட்டதுதானே, கண்டுபிடிச்சிட்டுவ. நான் வராண்டாவுல வந்தாலே, 'சார் வாராரு, வாளியை எடு'ம்பானுவ. ரிவர்ஸ் சார் போயி குப்பை சார் ஆயிட்டேன். ரிவர்ஸ் எவ்வளவோ தேவல. எனக்கு அந்த வேலை பாக்குறவங்க மேல ஒண்ணும் கெடையாது, தப்பா எடுத்துக்கிடாதிய. பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுக்குறவந்தான் நான். அவங்க வேலை அவங்களுக்கு. என் பாட்டு அதுல போவணுமா, அதுதான் கேள்வி.

எவனோ இன்டர்நெட்டுல இருந்து எடுத்து வேணும்னே பண்ணுதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆவுடைகிட்டப் பேச்சே எடுக்கல. அவளும் என்ன நெனைச்சாளோ, அதைப் பத்தி எங்கிட்ட வாயைத் தெறக்கல. வண்டி வாரப்ப வாளியைத் தூக்கிட்டு அவதான் போவா, நான் கதவைச் சாத்திக்கிடுவேன். பாவம், எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போறான்னு நெனைச்சேன்.

ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு இங்க வந்தேன். இதே வராண்டாதான். மனு எழுதிக் கொடுத்தேன். நகராட்சி வாகனத்தில் அனுமதியின்றி இரைச்சல் எழுப்பப்படுகிறது, ஒலி மாசு ஏற்படுகிறது, மாணவர்கள் படிப்பு பாதிக்கப்படுகிறது. ஆமா அண்ணாச்சி, இரைச்சல்னுதான் எழுதினேன். என் பாட்டுன்னு எழுத முடியுமா? அங்க இருக்க கிளார்க்கும் சிரிப்பான். அந்த வண்டிக்காரப் பொம்பளையப் பத்தி நான் ஒரு எழுத்து எழுதல, சத்தியமா. பேரு தெரிஞ்சாத்தானே எழுத? வண்டி நம்பரு எழுதினேன், தெரு, நேரம். முறையா எழுதணும்லா.

இங்க போடுற மனு எல்லாம் கெணத்துல போட்ட கல்லுன்னு சொல்லுவாவ. என் மனுவுக்கு மட்டும் எங்க இருந்துதான் வேகம் வந்துச்சோ. ஒரு நாளு காலையில பாட்டு இல்ல. பழைய தொண்டை கட்டுன ஆளு திரும்ப வந்துட்டாரு, மக்கும் குப்பை மக்காத குப்பைன்னு. வண்டியில வேற டிரைவரு, ஒரு சின்னப் பய. அன்னைக்கு இட்லி ரெண்டு கூடத் தின்னேன்.

ஆவுடை வாளியைத் தூக்கிட்டுப் போனவ வெறும் கையோட உள்ள வந்தா. வாளியை அங்கனயே வச்சுட்டு வந்துட்டா. 'மாரீஸ்வரியை வண்டியில இருந்து எறக்கிட்டாவளாம், சாக்கடை ஓடை அள்ளப் போட்டுட்டாவளாம்'னா. யாரு மாரீஸ்வரின்னேன். என்னை ஒரு பார்வை பாத்தா. 'நம்ம வீட்டுக் குப்பையை மூணு வருசமா எடுக்குறவ பேரு'ன்னா. எவனோ மனு போட்டிருக்கானாம்னா. 'எவனாவது வேலையத்தவன் போட்டிருப்பான்'னு சொல்லிட்டு நான் பள்ளிக்கூடம் போயிட்டேன்.

போற வழியில அவளைப் பாத்தேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஓடைக்குள்ள முழங்கால் அளவுக்கு நிக்கா. என்னைப் பாத்துட்டு, 'சார், அக்கா நல்லா இருக்காவளா'ன்னு கேக்கா. நான் செல்லைக் காதுல வச்சுக்கிட்டு, அலோ அலோன்னு கத்திக்கிட்டே போயிட்டேன். யாரும் கூப்பிடல. செல்லுல சார்ஜே இல்ல.

இதோட முடிஞ்சிருந்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன். மனுவுக்கு நடவடிக்கை எடுத்தா, மனுதாரருக்குத் திருப்தியான்னு கையெழுத்து வாங்கணுமாம். சானிட்டரி இன்ஸ்பெக்டரு ஞாயித்துக்கிழமை பாத்து வீட்டுக்கே வந்துட்டாரு. ஆவுடை அவருக்குத் தண்ணி கொண்டு வந்து நீட்டுதா. அவரு தண்ணியைக் குடிச்சுட்டு, என் மனுவை முழுசா வாசிக்காரு. நல்ல கணீர் குரலு. இரைச்சல், ஒலி மாசு, ஒண்ணு விடல. 'சார், உங்களை மாதிரி படிச்சவங்க சொன்னாத்தான் இதுகளை அடக்க முடியுது. அரசாங்கம் கொடுத்த ஆடியோவை எடுத்துட்டு கண்டதைப் போட்டிருக்கா. வண்டியை விட்டு எறக்கி ஓடைக்குப் போட்டாச்சு. திருப்திதானே? இங்க ஒரு கையெழுத்து'ன்னு பேனாவை நீட்டுதாரு.

போட்டேன் அண்ணாச்சி. அவ பாத்துக்கிட்டு நிக்கா, நான் கையெழுத்து போட்டேன். ஆபீசரு பேனாவை நீட்டிக்கிட்டு நிக்கும்போது என்ன செய்யச் சொல்லுதிய? முழுப் பேரையும் எழுதி, அடியில கோடும் போட்டேன். அந்தக் கோடு எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அவரு போனதும் ஆவுடை ஏசப் போறான்னு நெனைச்சேன். ஏசல. 'இரைச்சல்னா எழுதினிய?'ன்னு மட்டும் கேட்டா. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய பண்ற கேலியச் சொன்னேன், கண்காட்சியச் சொன்னேன், எவனோ திருடிட்டான்னு சொன்னேன். 'யாரும் திருடல. நாந்தான் கொடுத்தேன்'னா.

அப்புறம் உக்காந்து சொன்னா. எங்கிட்ட அவ அவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாச்சு. 'ஆடியில நான் படுத்துக் கெடந்தப்ப நம்ம வீட்டுக்கு முன்னால மட்டும் குப்பை வண்டி சத்தம் போடாது, கவனிச்சியளா? நீங்க எங்க கவனிச்சிய. மாரீஸ்வரி முக்குலயே அதை அமத்திருவா. நம்ம வீட்டைத் தாண்டித்தான் திருப்பிப் போடுவா. வாளியை நான் தூக்கிட்டு வரணும்னு இல்ல, அவளே வந்து எடுத்துட்டுப் போயி, கழுவித் திருப்பி வச்சுட்டுப் போவா. நான் ஒண்ணுமே சொல்லல அவகிட்ட. நம்ம வாளியைக் கொட்டுறவளுக்குத் தெரியாதா, வீட்டுக்குள்ள என்ன நடந்திருக்குன்னு? அப்புறம் வண்டிச் சத்தம் கேக்கலன்னு நம்ம வரிசை வீட்டுக்காரங்க புகார் சொல்லிட்டாவ. நகராட்சி மேஸ்திரி அவளை நடுத்தெருவுல நிக்க வச்சு ஏசுனான். அப்பத்தான் நான் சொன்னேன், நீ அமத்தாண்டாம், நான் ஒரு பாட்டு தாரேன், அதைப் போட்டுக்கிட்டு வா, அது வந்தா எனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு. செல்போன் கடையில கொடுத்து ஏத்திக் கொடுத்தேன். யாரு போட்ட பாட்டு அக்கான்னு கேட்டா. எங்க வீட்டுக்காரரு போட்டதுன்னு பெருமையா சொன்னேன்.'

பெருமையான்னு சொல்லும்போது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

நான் அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். 'அதுக்காகக் குப்பை வண்டிக்கா கொடுப்பாவ? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?'ன்னேன். அவ கேட்டா, 'பின்லாந்துக்காரனுக்குக் கொடுத்தியளே, எங்கிட்டக் கேட்டியளா? பேரு தெரியாத ஊருக்காரன் எல்லாம் எடுக்கலாம். மாரீஸ்வரி எடுக்கக் கூடாதோ?' அது வேற, இது வேறன்னேன். 'என்ன வேற?'

பதிலு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. உங்களுக்கும் தெரியும். அதை வாயால சொல்ல முடியுமா? அவளுக்குப் புரிஞ்சு போச்சு. அதுல இருந்து எங்கிட்டப் பேச்சு கெடையாது. ஆடி மாசத்துல செவரைப் பாத்துப் படுத்திருந்தாளே, அது துக்கம். இது அது இல்ல. சோறு போடுவா, சட்டை தேச்சு வைப்பா. என் மூஞ்சியை மட்டும் பாக்க மாட்டா.

நான் என்ன கல்லா? சரி பண்ணணும்னுதான் ரெண்டு திங்கக்கிழமையா வாரேன். அன்னா அந்தக் கௌண்டரு வரைக்கும் போவேன். 'என்ன விசயமா மனு'ன்னு அந்தப் பொண்ணு கேக்கும். பின்னால வரிசையில கூட்டம் நிக்கும். தண்ணி குடிச்சிட்டு வாரேம்மான்னு சொல்லிட்டு பஸ் ஏறிருவேன். பாட்டு என்னுதுன்னு காட்டணுமேன்னுதான் இந்த மெஷினையும் தூக்கிக்கிட்டு அலையுதேன். தூக்கத்தான் செய்யுதேன்.

இன்னைக்கு வேற மனு எழுதியிருக்கேன். இது கொஞ்சம் நயமா இருக்கும். பாட்டைப் பத்திப் பேச்சே இல்ல. 'பழைய ஓட்டுநர் நேரந்தவறாமல் வந்தார், புதிய ஓட்டுநர் உரிய நேரத்திற்கு வருவதில்லை, எனவே பழையவரையே நியமிக்க வேண்டும், இப்படிக்குப் பொதுமக்கள்.' எப்படி? யாருக்கும் வெக்கக்கேடு இல்லாம காரியம் முடிஞ்சிரும். வண்டி நம்பரு போட்டிருக்கேன்.

என்ன அப்படிப் பாக்கிய? ஆமா, அந்தச் சின்னப் பய நேரத்துக்குத்தான் வாரான். ஒரு பேச்சுக்கு எழுதுறதுதானே. அவனை என்ன செஞ்சிரப் போறாவ?

செஞ்சிருவாவளோ?

சரி அண்ணாச்சி, நான் நேராவே கேட்டுருதேன். நீங்க எப்படியும் பட்டா மனுவோட உள்ள போவிய. இதையும் கூடவே கொடுத்துருங்களேன். உங்க பேரைக் கூட எழுத வேண்டாம், பொதுமக்கள்னுதான் இருக்கு. நீங்களும் பொதுமக்கள்தானே. பெரிய மனுசன் கையால போனா ஒரு மதிப்பு இருக்கும். பிடிங்க. ஏன், காகிதம்தானே, கடிக்கவா செய்யும்? பிடிக்க மாட்டியளா. சரி. சரி, விடுங்க.

இன்னைக்கு நான் ஒத்தையில வரல, ஆவுடையும் வந்திருக்கா. அன்னா, நாம வந்து உக்காரும்போது பச்சைச் சேலை கட்டி ஒருத்தி உள்ள போனாளே, கூட ஒல்லியா ஒரு பொம்பளை, கையில துணிப்பை வச்சுக்கிட்டு? அதுதான் எம் பொண்டாட்டி. அந்தப் பொம்பளை மாரீஸ்வரி. நேத்து சாயந்தரம் செவருகிட்டச் சொல்ற மாதிரி சொன்னா, 'திங்கக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போறோம். வாரவங்க வரலாம்'னு. ஒரே பஸ்சுதான். அவங்க ரெண்டு பேரும் முன்னால ஒரே சீட்டுல உக்காந்து வந்தாவ. நான் பின்னால நின்னுக்கிட்டு வந்தேன். மாரீஸ்வரிக்கு மனு போட்டது நாந்தான்னு ஆவுடை சொல்லியிருப்பாளா? எறங்கும்போது அவ என்னைப் பாத்து வணக்கம் சார்னுதான் சொன்னா. அது தெரிஞ்சு சொன்ன வணக்கமா, தெரியாமச் சொன்ன வணக்கமா? வழி பூரா அதுதான் ஓடுது மண்டைக்குள்ள.

அண்ணாச்சி. கேக்குதா உங்களுக்கு?

இல்ல, உள்ள இருந்து. ஹாலுக்குள்ள இருந்து. மைக்குக்குப் பக்கத்துல ஆவுடை செல்லை வச்சிருக்கா போல, சத்தமா கேக்கு. அதுதான். அந்தப் பாட்டுதான். பாத்தியளா, நடுவுல மெல்லிசா ஒரு உஸ்ஸு வருது, அது நான் வச்சது. கலெக்டரம்மாவுக்குப் போட்டுக் காட்டுதா. பாவி மவ, நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்! அங்க பாருங்க, அந்த வேட்டி கட்டின ஆளு, 'ஏ, குப்பை வண்டி கலெக்டர் ஆபீசுக்கே வந்துட்டுடோய்'ங்கான். எங்க ஏரியாக்காரன். எல்லாரும் சிரிக்காவ. அந்தப் பிள்ளை ஆடுது பாருங்க, அவங்கம்மா மனுவை வச்சு விசிறிக்கிட்டு இருக்காவளே, அந்தப் பிள்ளை. வேகம் பிடிச்சு ஆடுது. சரியாத்தான் ஆடுது.

நிப்பாட்டிட்டாவ.

ஏட்டு ஒருத்தரு வெளிய வாராரு. என்னமோ சொல்லுதாரு. கேட்டியளா என்ன சொன்னாருன்னு? 'குப்பை வண்டிப் பாட்டைப் போட்டவரு யாரு? அதை நிப்பாட்டச் சொல்லி மனு போட்டவரு யாரு? ரெண்டு பேரும் வெளியதான் நிக்காவன்னு உள்ள ஒரு அம்மா சொல்லுது. ரெண்டு பேரையும் கலெக்டரம்மா கூப்பிடுதாவ.' ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கா பாருங்க. ஒரு ஆளுன்னு சொல்லல. பேரைக் கூடச் சொல்லல.

அந்தப் பக்கம் பாக்காதிய. பேசாம இருங்க. யாரும் வரலன்னா ஏட்டு உள்ள போயிருவாரு. திருப்பிக் கத்துதாரு. சிரிக்காவ, எல்லாரும் சுத்திச் சுத்திப் பாக்காவ. எவன்டா அந்தக் குப்பை வண்டிப் பாட்டுக்காரன்னு பாக்காவ.

அண்ணாச்சி, என்ன பண்ணுதிய? கையை இறக்குங்க. அண்ணாச்சி, உங்களைக் கும்பிடுதேன், என்னைக் கையைக் காட்டாதிய. நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னேன். இறக்குங்க.

ஆவுடை வாசல்ல வந்து நிக்கா. பின்னால மாரீஸ்வரி. ஆவுடை இங்கதான் பாக்கா. என் மூஞ்சியத்தான் பாக்கா.

இந்த மனுவைக் கிழிச்சுப் போட்டுருங்க அண்ணாச்சி, அந்தச் சின்னப் பய பாவம். பையை இங்கன வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க.

ஏட்டையா! இங்கன, ஏட்டையா. நிக்கேன். ரெண்டு பேரு இல்ல ஏட்டையா. ரெண்டும் நாந்தான்.